மோட்டார் வண்டியும் வியாபாரியின் கண்ணும்

மோட்டார் வண்டியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதர் நம்மிடையே அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். பினாங்கு வீதியிலும் சூலியா வீதியிலும் அஸருக்குப் பின் நாலு பேர் சேர்ந்து தேநீர் குடிக்க உட்கார்ந்தால், அரிசி விலைக்கும் ரூபாய் மாற்று விலைக்கும் அடுத்தபடியாகப் பேச்சு வண்டியில்தான் போய் நிற்கிறது. "ஜெர்மன் வண்டி என்றால் இரும்பு" என்பார் ஒருவர். "ஜப்பான் வண்டிக்குப் பெட்ரோல் மிச்சம், ரிப்பேர் கிடையாது" என்பார் மற்றொருவர். "நம் நாட்டு வண்டியில் கண்ணாடி இறங்கினால் ஏறாது" என்று மூன்றாமவர் சிரிப்பார். "சீன வண்டி பார்வைக்கு மட்டுமே" என்று நாலாமவர் முடித்து வைப்பார்.

இவற்றில் எதையும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எதையும் அப்படியே நம்பி ஐம்பதாயிரம் அறுபதாயிரம் வெள்ளியைக் கொண்டு போய்க் கொட்டவும் கூடாது. அரிசி மூட்டை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? "இன்ன ஊர் அரிசி நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விலை பேசி விடுகிறோமா? இல்லை. குத்தூசியை நடு மூட்டையில் செலுத்தி, வந்த மணியை உள்ளங்கையில் போட்டு, நிறம் பார்த்து, பல்லில் கடித்து, அதன் பிறகே விலை சொல்லுகிறோம். இருநூறு வெள்ளிச் சரக்குக்கு இவ்வளவு பரீட்சை செய்யும் நாம், அதைப்போல் பல நூறு மடங்கு பணமும், அதைவிடப் பெரிதான உயிரும் சம்பந்தப்பட்ட வண்டி விஷயத்தில் மட்டும் காதால் வியாபாரம் செய்வது நியாயமா?

ஆகவே, பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது, வண்டியின் தரம் எங்கே பிறக்கிறது, அதை நாம் எப்படிச் சோதிப்பது, சோதித்த பின் ஓட்டுவதில் நம் பொறுப்பு என்ன என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. ஊர்ப் பெயரால் வரும் மதிப்பு

1950-களில் மலாயாவின் சாலைகளில் ஓடியவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்து வண்டிகள். ஆஸ்டின், மோரிஸ், ஹில்மன் என்ற பெயர்கள் அன்றைய கடைத்தெருவில் எல்லோருக்கும் பழக்கம். வசதி படைத்தவர்கள் மெர்சிடிஸ் பென்ஸ் வைத்திருந்தார்கள். ஜப்பான் சாமான் என்றால் அந்நாளில் மட்டச் சரக்கு என்பதே ஊர்ப் பேச்சு. 1941 டிசம்பர் முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பட்ட பாடும் அந்தப் பேச்சுக்கு வலு சேர்த்தது.

அத்தகைய காலத்தில்தான் நம் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஜப்பான் மோட்டார் சைக்கிளை இங்கே கொண்டு வந்தார். அவர் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து சிறு பிராயத்தில் பினாங்குக்கு வந்து, பட்டறையில் வேலை பழகி, பஸ் கழுவிப் படிப்படியாக முன்னுக்கு வந்தவர். ஜப்பானுக்குப் போயிருந்தபோது அங்கே ஓடிய ஹோண்டா வண்டியைக் கண்டு, 1950-களின் பிற்பகுதியில் அதன் விநியோக உரிமையைப் பெற்றார். அந்தக் கம்பெனியின் சூப்பர் கப் என்னும் சிறு வண்டி 1958-இல் வெளிவந்தது. அதன் அமைப்பைக் கவனியுங்கள். அக்காலத்துச் சிறு வண்டிகளில் பல, எண்ணெயையும் பெட்ரோலையும் சேர்த்து எரித்துப் புகை கக்கும் ரகம். இதுவோ நான்கு வீச்சு இயந்திரம். புகை இல்லை, பெட்ரோல் செலவு குறைவு. இடது கையால் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. சேறும் நீரும் காலில் படாமல் முன்னால் ஒரு தடுப்பு. உணவுக் கடைப் பையனும் சுலபமாக ஓட்ட வேண்டும் என்று யோசித்துச் செய்யப்பட்ட வண்டி அது. 2017-க்குள் இந்த வகை வண்டிகள் உலகில் பத்துக் கோடி உற்பத்தியாகிவிட்டன. பினாங்கில் "பூன் சியூ" என்றாலே ஹோண்டா மோட்டார் சைக்கிள் என்று பொருளாகும் அளவுக்கு அந்த வியாபாரியின் பெயரும் சரக்கின் பெயரும் ஒன்றாயின. அவர் 1995-இல் காலமானார்.

இதில் நமக்குள்ள படிப்பினை யாது? ஊர்ப் பெயரால் வரும் மதிப்பு நிரந்தரமானதல்ல. மட்டம் என்ற ஜப்பான் உறுதிக்கு உதாரணமாயிற்று. உறுதிக்கு உதாரணமாயிருந்த இங்கிலாந்து வண்டிகள் நம் சாலையிலிருந்து மெல்ல மறைந்தன. கொரியா வண்டியையும் ஒரு காலத்தில் இளக்காரமாகவே பேசினோம். இன்று சீன வண்டியைப் பற்றிப் பேசுவதும் அந்தப் பழைய பேச்சின் மறுபதிப்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. எந்த ஊரில் செய்தது என்ற கேள்விக்குப் பிறகு, எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

2. தரம் எங்கே பிறக்கிறது?

ஜப்பான் சரக்கின் மதிப்பு தானாக உயரவில்லை. 1950-இல் டெமிங் என்னும் அமெரிக்கப் புள்ளியியல் நிபுணரை ஜப்பானிய விஞ்ஞானிகள், இஞ்சினியர்களின் சங்கம் அழைத்துப் பாடம் கேட்டது. அவர் சொன்னதன் சாரம் எளிமையானது. பொருளைச் செய்து முடித்த பிறகு கடைசி வாசலில் நின்று கெட்டதைப் பொறுக்கி எறிவதால் தரம் வராது. செய்யும் முறையிலேயே குற்றம் நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து எழுதி, எங்கே பிசகுகிறது என்று கண்டு திருத்த வேண்டும் என்பதே. 1951 முதல் அவர் பெயரால் ஜப்பானில் பரிசு வழங்கப்பட்டு வருகிறது. டொயோட்டா கம்பெனி 1965-இல் அதைப் பெற்றது.

"முறை என்ன முறை? ஜப்பானியன் உழைப்பாளி, அதனால் அவன் வண்டி நன்றாக இருக்கிறது" என்று சிலர் சொல்லலாம். அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயமே பதில். கலிபோர்னியாவில் ஃப்ரிமான்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. தகராறும் வேலைக்கு வராமையும் மோசமான வண்டிகளும் என்று பெயர் கெட்டு, 1982-இல் அது மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே தொழிற்சாலையைத் திறந்தன. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. ஆனால் முறை மாறியது. குற்றம் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். சரிசெய்ய முடியாவிட்டால் வேலையையே நிறுத்தலாம். முன்பு வேலையை நிறுத்துவது பெருங்குற்றம். இப்போது குற்றத்தை மறைத்து அனுப்புவதே குற்றம். சிறிது காலத்திலேயே அங்கிருந்து வந்த வண்டிகள் ஜப்பானில் செய்தவற்றுக்கு ஈடாக மதிக்கப்பட்டன.

அதே கைகள், அதே கட்டடம். மாறியது குற்றத்தைச் சொல்பவனை நடத்தும் விதம். இதை நம் கடைக்கும் பொருத்திப் பாருங்கள். லோரி ஓட்டும் தம்பி, "முதலாளி, பிரேக் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கிறது" என்று சொன்னால், "போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வா, பிறகு பார்க்கலாம்" என்று சொல்கிறோமா, அல்லது சாவியை வாங்கி வைத்துக்கொண்டு பட்டறைக்கு அனுப்புகிறோமா? முதல் பதிலைச் சொல்லும் கடையில் இரண்டாம் முறை அந்தத் தம்பி வாய் திறக்க மாட்டான்.

3. காப்புச் சுவருக்குள் வளர்ந்த வண்டிகள்

நம்மில் பலருக்கு இந்தியாவின் அம்பாசடர் காரைத் தெரியும். இராமநாதபுரத்துக்கும் கடையநல்லூருக்கும் நாகூருக்கும் போனவர்கள் அதில் பிரயாணம் செய்திருப்பார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியை ஆதாரமாகக் கொண்டு 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய அது, 2014 வரை உற்பத்தியாயிற்று. இடம் தாராளம், மேடு பள்ளம் தாங்கும், எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம் என்பவை அதன் நற்குணங்கள். ஆயினும் இத்தனை ஆண்டுகளில் அதன் அடிப்படை அமைப்பு வெகு சொற்பமாகவே மாறியது. காரணம், வெளிநாட்டு வண்டிகள் வர வழியில்லை. வாங்குபவருக்கு வேறு கதியில்லை. ஆகவே கம்பெனிக்கும் அவசரமில்லை. 1983 டிசம்பரில் ஜப்பானின் சுசுகி கம்பெனியின் துணையுடன் மாருதி 800 வந்த பிறகுதான், நல்ல வண்டி எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஜனங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது.

அதே 1983-இல் மலேசியாவில் புரோட்டான் கம்பெனி தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1960-களின் பிற்பகுதி முதல், பிறநாட்டு வண்டிகளை இங்கே பாகங்களாகக் கொண்டு வந்து பூட்டும் தொழிற்சாலைகள் இருந்தன. ஆனால் தேசிய வண்டி என்று ஒன்று வந்தது 1985 ஜூலை மாதத்தில்தான். மிட்சுபிஷி கம்பெனியின் வண்டியை ஆதாரமாகக் கொண்ட புரோட்டான் சாகாவே அது. அந்த ஆண்டிலேயே 13.5 கிலோ மீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. பிரதமர் மகாதீர் தேசியக் கொடி பறக்கும் சாகா வண்டியில் பாலத்தைக் கடந்து திறந்து வைத்தார். 1925 முதல் வண்டிகளை ஏற்றிச் சென்ற பெர்ரி 2021 தொடக்கத்திலிருந்து கார்களை ஏற்றுவதில்லை. பாலங்கள் இரண்டும்தான் இப்போது காருக்கும் லோரிக்கும் வழி.

அந்நிய வண்டிகளுக்குப் பெரும் வரி விதித்து, தேசிய வண்டிக்குச் சலுகை தந்ததால், சாதாரணக் குடும்பமும் புது வண்டி வாங்க முடிந்தது. இது மறக்கக் கூடாத நன்மை. ஆனால் காப்புச் சுவருக்குள் இருப்பவருக்கு வரும் அயர்ச்சியும் வந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் சிறு மோட்டார் அடிக்கடி கெட்டுப்போவது ஊரெல்லாம் கேலிக்கு ஆளாயிற்று. ஒரு சிறு பாகத்தின் குற்றம், நல்ல இயந்திரத்தின் பெயரையும் கெடுத்தது. வியாபாரிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரியாணி எவ்வளவு ருசியாயிருந்தாலும் ஒரு கல் பல்லில் பட்டால், வாடிக்கைக்காரர் வெளியே போய்ச் சொல்வது கல்லைப் பற்றித்தான்.

இரண்டாவது தேசியக் கம்பெனியான பெரோடுவா 1994-இல் கன்சில் என்னும் 660 சி.சி. சிறு வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஜப்பானின் டைஹாட்சு வண்டியை ஒட்டிய அது 2009 வரை உற்பத்தியாயிற்று. சிறிய வண்டி, சிக்கனச் செலவு, நம்பகம் என்று ஒரே வழியில் நடந்த அந்தக் கம்பெனி, 2006-இல் புரோட்டானை முந்தி, அதன் பின் தொடர்ந்து பல ஆண்டுகள் விற்பனையில் முதலிடம் வகித்தது. புரோட்டானின் 49.9 சதவிகிதப் பங்கை 2017-இல் சீனாவின் கீலி கம்பெனி வாங்கியது. 2018 டிசம்பரில் வந்த எக்ஸ் 70 என்னும் வண்டி, முதலில் சீனாவிலிருந்தே வந்து இறங்கியது. பிறகு தஞ்சோங் மாலிமில் பூட்டப்பட்டது. "நம் நாட்டு வண்டி", "சீன வண்டி" என்று பிரித்துப் பேசுபவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? இன்று ஒரே வண்டிக்குள் பல நாடுகளின் வேலை இருக்கிறது. ஆகவே ஊர்ப் பெயர் முன்னைவிட இன்னும் குறைவாகவே விஷயத்தைச் சொல்லுகிறது.

4. கண்ணுக்குத் தெரியாத குற்றம்

கண்ணாடி ஏறாவிட்டால் மழையில் சட்டை நனையும், அவ்வளவே. உயிரை வாங்கும் குற்றம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இதற்குத் தகாட்டா கம்பெனியின் காற்றுப் பை விவகாரத்தைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

மோதல் நேரும்போது ஓட்டுபவரின் மார்புக்கும் முகத்துக்கும் முன்னால் விரியும் காற்றுப் பையை, கண் இமைப்பதற்குள் ஊதிவிடுவது ஒரு சிறு உலோகக் கருவி. ஜப்பானின் தகாட்டா கம்பெனி அதற்குள் அம்மோனியம் நைட்ரேட் என்னும் இரசாயனத்தை வைத்தது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்கினால் அந்த இரசாயனக் கட்டி சிதைந்து போகும். சிதைந்தது பற்றும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே வெடிக்கச் செய்யும். காக்க வந்த பையிலிருந்து இரும்புத் துண்டுகள் பாயும். 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில், சாதாரணமாக உயிர் போகாத ஒரு மோதலில், ஒரு பெண்மணி இவ்விதம் உயிரிழந்தார். உலகம் முழுவதும் சுமார் பத்துக் கோடி கருவிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2017 ஜூனில் கம்பெனி திவாலாயிற்று.

ஜப்பான் பெயருள்ள கம்பெனி. பெயர் பெற்ற வண்டிகள். வாங்கியவர்களோ விவரம் அறிந்தவர்கள். பேச்சினால் அளந்தால் எல்லாம் முதல் தரம். ஆனால் வெப்பமும் ஈரமும் அதன் விரோதிகள் என்றால், ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் உள்ள பினாங்கில் அந்த வண்டிகளுக்கு ஆபத்து அதிகம் என்பது சொல்லாமலே விளங்கும்.

திரும்பப் பெறும் அறிவிப்பைக் கம்பெனி முதலில் வாங்கியவரின் விலாசத்துக்கு அனுப்புகிறது. வண்டியோ இரண்டு கை மூன்று கை மாறி நம் கடைக்கு வந்திருக்கிறது. கடிதம் யாருக்கோ போகிறது. கருவி நம் மார்புக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், வண்டியின் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் நிலையத்தில், திரும்பப் பெறும் பட்டியலில் அது உள்ளதா என்று விசாரிக்க வேண்டும். இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள். இக்கட்டுரையைப் படித்து ஒருவர் இதை ஒன்றை மட்டும் செய்தாலும் போதும்.

புது வண்டி வாங்குபவருக்கு மற்றொரு துணையும் உண்டு. 2011 இறுதியில் தொடங்கிய ஆசியான் என்கேப் என்னும் அமைப்பு, மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் கூட்டுறவுடன் வண்டிகளை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திர மதிப்பு அளிக்கிறது. கதவைச் சாத்திப் பார்த்து "டப்" என்ற சத்தத்தைக் கொண்டு உறுதியைத் தீர்மானிப்பதைவிட, அந்த மதிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். கனமான தகடு பாதுகாப்பு என்ற எண்ணமும் முழுச் சரியல்ல. மோதலின் வேகத்தை முன்பாகம் நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் இருக்கும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும். இதுவே இன்றைய அமைப்பு.

5. பழைய வண்டி: வாங்குபவரும் விற்பவரும்

நம் கடைகளுக்கு வரும் வேன்களில் பல ஒருவர் ஓட்டி விட்டவையே. வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளம் நன்றாக இருந்தாலும் ரப்பர் முதிர்ந்து வெடித்திருக்கலாம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது.

மீட்டரைத் திருப்பி வைப்பது பழைய தந்திரம். மீட்டர் எண்ணை மட்டும் நம்பாமல், பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங் சக்கரத்தின் தேய்வு, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். நாற்பதாயிரம் கிலோ மீட்டர் ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்க நியாயமில்லை. சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். அதுபோன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கையின் அடி இரும்பில் துரு, பெல்ட்டை முழுவதும் இழுத்தால் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை, விளக்குக் கண்ணாடிக்குள் நீர்க் கோடு, அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம் ஆகியவை சாட்சி சொல்லும்.

பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. 1994-இல் தொடங்கிய புஸ்பாகோம் முதலிய நிலையங்களில் அப்போது முக்கியமாகப் பார்க்கப்படுவது, இயந்திர எண்ணும் சேஸிஸ் எண்ணும் கிரான்டில் உள்ளபடி இருக்கின்றனவா, திருட்டு வண்டியல்லவா என்பதே. இயந்திரம் இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கு அது உத்தரவாதமல்ல. நூறு இருநூறு வெள்ளி கொடுத்து, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பட்டறைக்காரரைக் கொண்டு பார்க்கச் செய்வது வீண் செலவாகாது.

இனி, விற்பவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாம் வாங்கும்போது மட்டும் வியாபாரிகள் அல்லர், விற்கும்போதும் வியாபாரிகளே. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அந்த ஈரத்தை மனிதர் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட செய்தியை நாம் மதரஸாப் பிள்ளைகளாயிருந்தபோதே கேட்டிருக்கிறோம். அந்த வியாபாரி மழை பெய்தது என்றார். மழை அவர் குற்றமல்ல. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். வண்டி வெள்ளத்தில் நின்றது நம் குற்றமல்ல. கியர் பெட்டி சத்தம் போடுவதும் நம் குற்றமல்ல. அதைச் சொல்லாமல் விற்பதே குற்றம். சொல்லி விற்றால் ஆயிரம் இரண்டாயிரம் குறையலாம். சொல்லாமல் விற்ற வண்டியின் பிரேக் பாலத்தின் நடுவே பிடிக்காமல் போனால், அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதி நேர் செய்வது?

6. ஓட்டுபவர் கையில் உள்ளது

நல்ல வண்டியும் கெட்ட ஓட்டுதலும் சேர்ந்தால் கெட்ட வண்டியே மிஞ்சும். 2019-இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் இறந்தனர். நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுடையவை. கடைக்குச் சாமான் கொண்டு போகும் தம்பிகள் பலரும் அந்த வண்டியில்தான் போகிறார்கள் என்பதை முதலாளிமார்கள் யோசிக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலை, நல்ல டயர். 30 கிலோ மீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி 8 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக 13 மீட்டர். 60 வேகத்தில் 17-உம் 20-உம் சேர்ந்து 37 மீட்டர். 90 வேகத்தில் 25-உம் 45-உம் சேர்ந்து 70 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மழையில் இது இன்னும் நீளும். பாலத்தின் மேல் முன்வண்டியை ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டி வைத்தால் நல்லது.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விருந்துக்குச் சட்டிகளும், கடைக்கு அரிசி, சீனி மூட்டைகளும் ஏற்றும்போது "இன்னும் இரண்டு போகும்" என்று திணிப்பது நம் வழக்கம். அளவுக்கு மீறிய பாரத்தால் டயர் சூடேறி வெடிக்கும். பிரேக் காய்ந்து பிடிப்புக் குறையும். பின்பாரத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது உத்தமம்.

இருக்கைப் பட்டை முன்னிருக்கைக்கு 1979 முதலும் பின்னிருக்கைக்கு 2009 முதலும் சட்டப்படி கட்டாயம். ஆயினும் ஜார்ஜ் டவுனுக்குள் பக்கத்துக் கடைக்குத்தானே என்று அதை மாட்டாமல் போகிறவர்களைத் தினமும் காண்கிறோம். குறுகிய வீதி, அஞ்சடியிலிருந்து சட்டென்று இறங்கும் முதியவர், எதிரே திரும்பும் திரிஷா இருக்கும் இடத்தில்தான் திடீர் பிரேக் அதிகம். பிள்ளையை மடியில் வைத்து முன்னிருக்கையில் உட்காருவது பாசமல்ல; மோதினால் எந்தத் தகப்பனின் கையாலும் அந்த வேகத்தைத் தாங்க முடியாது.

7. குறையைச் சொல்லும் முறை

வாங்கிய வண்டியில் குற்றம் கண்டால் நம்மவர்கள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். தேநீர்க் கடையில் பத்து நாள் பேசுகிறார்கள். அல்லது மௌனமாய் விற்றுவிடுகிறார்கள். இரண்டாலும் வண்டி திருந்துவதில்லை.

நம் சமூகத்திலேயே இதற்கு வேறு வழி காட்டியவர் ஒருவர் இருந்தார். தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வியாபாரியாக வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்கள், 1969-இல் அமைந்த பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்து, 2019-இல் காலமானார். ஒரு வியாபாரி பயனீட்டாளர் பக்கம் நின்றது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் சரக்கை அறிந்தவனுக்கே சரக்கின் குற்றமும் தெரியும். தனி ஆளின் முணுமுணுப்பை எழுத்து மூலமான புகாராக்கி, மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் பத்திரிகை வெளியிட்டு, அதிகாரிகளைப் பதில் சொல்ல வைத்தது அந்தச் சங்கம்.

நாமும் அந்த முறையைக் கற்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு கணக்குப் புத்தகம் வையுங்கள். பெட்ரோல், எண்ணெய் மாற்றிய தேதி, மீட்டர் எண், மாற்றிய பாகம், அதன் ரசீது, ஓட்டுபவர் சொன்ன குறை ஆகியவற்றை எழுதுங்கள். "வண்டி சரியில்லை" என்ற புகாருக்கு எந்தக் கம்பெனியும் அசையாது. "இன்ன தேதியில், இத்தனை கிலோ மீட்டரில், மழை நேரத்தில், இவ்வளவு பாரத்துடன், மூன்றாம் முறையாக இந்தப் பாகம் நின்றது, முன்னிரண்டு ரசீதுகள் இத்துடன் உள்ளன" என்று எழுதினால் பதில் வந்தே தீரும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவருக்கு 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் அதன் நடுவர் மன்றமும் உண்டு. கடைக்கு வாங்குபவர் ஒப்பந்தப் பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்பே வரி வரியாகப் படிப்பது அவசியம்.

அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு மற்றொரு பயனும் உண்டு. வண்டியை விற்கும் நாளில் அதை வாங்குபவர் கையில் கொடுத்துவிடலாம். ஈரத்தை மேலே வைத்தவர் ஆவோம்; நல்ல விலையும் கிடைக்கும்.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

1. உங்கள் கடை வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொண்டு, திரும்பப் பெறும் பட்டியலில் அது உள்ளதா என்று விசாரித்தீர்களா?

2. வண்டியின் நான்கு டயர்களும் எந்த ஆண்டில் செய்யப்பட்டவை?

3. ஓட்டும் தம்பி கடைசியாகச் சொன்ன குறை யாது? அதற்கு என்ன செய்தீர்கள்?

4. ஒரு வண்டியைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் அபிப்பிராயம் நீங்கள் சோதித்து அறிந்ததா, கேட்டு அறிந்ததா?

5. நாளை வண்டியை விற்பதானால், வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய குறைகள் எவை? அவற்றை இன்றே எழுதி வைப்பீர்களா?